நாடோடிப் பாடகர் உட்டி கத்ரி

விடுதியில் என் அறை நண்பனிடம் ஒரு பழைய கேசட் இருந்தது. ஒரு கிதார், ஒரு கரகரத்த குரல், அவ்வளவுதான். இவர் பாடுறாரா பேசுறாரான்னு கேட்டுச் சிரித்தேன். அப்படித்தான் உட்டி கத்ரி எனக்கு அறிமுகமானார்.

1912-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்தவர். 1930-களில் புழுதிப் புயலும் பஞ்சமும் விரட்ட, கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன ஏழைகளோடு இவரும் போனார். அவங்க பட்ட பாட்டையே பாட்டாக்கினார். 1940 மார்ச்சில் அந்த ஏழைகளுக்கு நிதி திரட்ட நியூயார்க்கில் நடந்த கச்சேரியில் பீட் சீகரைச் சந்தித்தார். மறுவருடம் இருவரும் அல்மனாக் பாடகர்கள் குழுவில் சேர்ந்து பாடினார்கள். வாடகைக்குக் காசு சேர்க்க வீட்டிலேயே கச்சேரி!

பிறகு, தாயைக் கொண்டுபோன அதே ஹண்டிங்டன் நோய் இவரையும் பிடித்தது. கை சொன்னபடி கேட்கவில்லை. கிதார் போச்சு, மெல்ல மெல்லப் பேச்சும் போச்சு. ஆனால் ஆட்கள் விட்டுவிடவில்லை. நியூஜெர்சியில் ஒரு தம்பதி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து தங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். இளம் பாடகர்கள் சுற்றி உட்கார்ந்து, அவர் பாட்டையே அவருக்குப் பாடுவார்கள். 1961-இல் அப்படி வந்தவர்களில் 19 வயது பாப் டிலனும் ஒருவர். 1967-இல் உட்டி மறைந்தார்.

இந்தச் சந்திப்புக்கு வர முடியாத நண்பர்கள் நமக்கும் இருக்காங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே.