சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்: மேரி வர்கீஸ்

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் மரமேறும்போது தவறி விழுந்தோர், கொங்கு நாட்டின் ஆழ்ந்த கிணறுகளுக்குள் வீழ்ந்தோர், கோவை நெடுஞ்சாலைகளில் விபத்துக்குள்ளானோர் எனப் பலர் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை இழக்கின்றனர். இவர்களின் உயிரைக் காப்பதோடு மருத்துவத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. காத்த உயிரை வாழத்தக்க வாழ்வாக மாற்றும் நெடும்பணி அதன் பின்னரே தொடங்குகிறது. அப்பணியின் அருமையைத் தம் உடலாலேயே உணர்ந்து, தமிழகத்தில் மறுவாழ்வு மருத்துவம் வேரூன்ற உழைத்தவர் மேரி வர்கீஸ்.

கேரளத்தின் கொச்சிப் பகுதியில் 1925ஆம் ஆண்டு பிறந்த மேரி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மகளிர் மருத்துவத்தில் சிறந்து விளங்க வேண்டும் என்பது அவரது விருப்பம். 1954ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உடன் பணியாற்றியோருடன் அவர் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. முகத்தில் ஆழ்ந்த காயங்கள் ஏற்பட்டன. முதுகுத்தண்டு சிதைந்ததால் கால்கள் முற்றிலும் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 28.

சிதைந்த முதுகுத்தண்டு, முறிந்த எலும்பைப்போல் மீண்டும் கூடுவதில்லை. ஆகவே, பழைய நிலைக்குத் திரும்புவது இலக்காக இருக்க இயலாது. எஞ்சிய வலிமையைக் கொண்டு புதிய வாழ்வைக் கட்டுவதே இலக்காக அமையும். உணர்வற்ற உடலில் படுக்கைப்புண் தோன்றாதிருக்க அடிக்கடி புரண்டு படுக்க வேண்டும். நெடுநாள் படுத்திருந்தவர் எழுந்து அமர்வதற்கே படிப்படியான பயிற்சி தேவை. அமரப் பழகிய பின், கைகளின் வலிமையால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக் கற்க வேண்டும். பிறருக்கு எளிய இச்செயல்கள் ஒவ்வொன்றும் மேரிக்கு நெடிய பாடங்களாயின. வலியும் சோர்வும் சூழ்ந்த அந்நாள்களில், அறுவை சிகிச்சைகளையும் பயிற்சிகளையும் தாங்கி அவர் மெல்ல மெல்ல முன்னேறினார்.

தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் முன்னோடியான பால் பிராண்ட் அக்காலத்தில் வேலூரில் பணியாற்றினார். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை அமர்ந்தவாறே செய்ய இயலும் என்று அவர் மேரிக்கு உணர்த்தினார். முடிந்துவிட்டதாகத் தோன்றிய மருத்துவப் பணிக்கு அங்கே ஒரு வாயில் திறந்தது. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்யலானார்.

அப்பணியும் பொறுமையைக் கோரியது. தொழுநோயால் நரம்பு பழுதுபட்டால் விரல்கள் மடங்கிவிடும். நலமுள்ள தசைநாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தி அவற்றை நிமிர்த்துவர். ஆயினும், அறுவை முடிந்த அன்றே கை இயங்கிவிடாது. சில வாரங்கள் கட்டுக்குள் இருந்த பின், இடம் மாறிய தசை தன் புதிய வேலையை நாள்தோறும் பயின்று கற்க வேண்டும். முதல் நாள் விரலின் சிறு அசைவு, பின்னொரு நாள் ஒரு பொருளைப் பற்றுதல், அதன்பின் தம் கையாலேயே உண்ணுதல் எனப் படிப்படியாகவே பயன் கிட்டும். அவ்வழியில் தாமும் நடந்தவராதலால், நோயாளியின் தளர்ச்சியை மேரி நன்கு அறிந்திருந்தார்.

மேலும் கற்கும் வேட்கையால் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்குரிய மறுவாழ்வுப் பயிற்சியைப் பெற்றார். பின்னர் நியூயார்க் சென்று, ஹோவர்டு ரஸ்க் நிறுவிய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூர் திரும்பி அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகள் அங்கேயே தங்கிப் பயிற்சி பெற அது வழிவகுத்தது. சக்கர நாற்காலியில் வரும் மருத்துவரைக் காண்பதே அங்கிருந்தோர்க்கு நம்பிக்கையூட்டும் மருந்தாயிற்று.

1972ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

மேரியின் கால்கள் இறுதிவரை நடக்கவில்லை. எனினும், அவர் மீளவில்லை என்று எவரும் கூற இயலாது. விபத்து பறித்ததை அவர் திரும்பப் பெறவில்லை. அது விட்டுச்சென்றதைக் கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாக ஒரு வாழ்வை ஆக்கிக்கொண்டார். முதுகுத்தண்டு சிதைந்து படுத்த ஒருவர் இன்று முதன்முறையாக எழுந்து அமர்வாராயின், காண்போர்க்கு அது சிறு செயலாகத் தோன்றலாம். அதன் பெருமையை அளக்கும் முறையை மேரி வர்கீஸின் வாழ்வு கற்பிக்கிறது.