திருச்சியில் வாழ்ந்த ஜெர்மன்காரர்.. அவரது பணம் யாருக்குப் போனது? யார் இந்த சுவார்ட்ஸ் ஐயர்?

கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் இங்கே ஒரு வெள்ளைக்காரர் இறந்தால், அடுத்த வேலை கடிதம் எழுதுவதுதான். உயில் கோர்ட்டுக்குப் போகும். சாமான்கள் ஏலத்துக்கு வரும். மிச்சப் பணம் கப்பல் ஏறி ஐரோப்பாவில் உள்ள சொந்தக்காரர்களுக்குப் போகும். ஒரு கடிதம் போய்ச் சேரவே ஆறு மாசம் ஆகும்!

ஆனால், கிறிஸ்டியன் பிரெட்ரிக் சுவார்ட்ஸ் விஷயத்தில் பணத்தில் பெரும்பகுதி இங்கேயே தங்கிவிட்டது.

1726-ல் பிரஷ்யாவில் பிறந்தவர் சுவார்ட்ஸ். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1760-களில் திருச்சிக்கு வந்து, சின்ன அறையில் தங்கி, சோறும் காய்கறியும் சாப்பிட்டு வாழ்ந்தார். வெடிமருந்துக் கிடங்கு வெடித்து சிப்பாய்கள் பலர் இறந்துபோக, அவர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். தெப்பக்குளம் அருகே இருக்கும் கிறிஸ்து ஆலயம் 1766-ல் அவர் கட்டியதுதான்.

கோட்டைப் படைக்குப் பாதிரியாராக இருந்ததற்கு கம்பெனி வருஷம் 100 பவுண்டு சம்பளம் கொடுத்தது. கல்யாணம் ஆகாத மனுஷன், செலவும் கம்மி. பணம் சேர்ந்தது.

பணத்தில் அவர் எப்படின்னு தெரிய ஒரு சம்பவம் போதும். 1779-ல் கம்பெனியின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியைச் சந்தித்தார். வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அப்படியே கம்பெனியிடம் ஒப்படைத்தார். நீங்களே வச்சுக்கோங்க என்று கம்பெனி சொல்லிவிட, அதையும் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கே போட்டுவிட்டார்.

1798 பிப்ரவரி 13-ல் தஞ்சாவூரில் இறந்தபோது வயது 71. சொத்தின் பெரும்பகுதியை மிஷனுக்கே எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அவர் பிள்ளை மாதிரி வளர்த்த கோல்ஹாஃப்பிடம் வந்தது. உபதேசியார்களின் சம்பளம், பள்ளிகள், ஏழைகள் என அந்தப் பணம் பல வருஷம் ஓடியது. கணக்கு வழக்கெல்லாம் லண்டன் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்துக்குக் கடிதமாகப் போனது.

இன்னொரு வாரிசும் இருந்தார், பணத்துக்கு அல்ல. தஞ்சை மன்னர் துளஜா 1787-ல் இறக்கும் முன் தன் தத்துப்பிள்ளை சரபோஜியை சுவார்ட்ஸ் பொறுப்பில் விட்டிருந்தார். அந்தப் பையனுக்குக் கிடைக்க வேண்டிய அரியணைக்காக சுவார்ட்ஸ் வருஷக்கணக்கில் கம்பெனிக்கு எழுதிப் போராடினார். சரபோஜி பட்டத்துக்கு வந்தது 1798-ல்தான். அதைப் பார்க்க சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை.

1801-ல் லண்டன் சங்கத்துக்கு சரபோஜியிடமிருந்து ஒரு கடிதம் போனது. சொத்து கேட்டு இல்லை. தன் செலவில் ஐயருக்கு ஒரு பளிங்குச் சிலை செய்து அனுப்பச் சொல்லி! சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய அந்தச் சிற்பத்தில், படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைப் பிடித்தபடி சரபோஜி நிற்கிறார். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கம் போனால், அங்குள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம்.