ஆயர் ஞானியின் பேரர்: அமது ஹம்பாத்தே பா

சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில், அட்லாண்டிக் கடலோரம் தொடங்கிக் கிழக்கு நோக்கிப் பல நாடுகளை ஊடறுத்துச் செல்லும் புல்வெளிநிலம் ஒன்று உண்டு. ஆண்டில் மூன்று நான்கு திங்கள் மட்டுமே மழை காணும் அந்நிலத்தின் ஆயர்குடியினர் புலானியர். அவர்களிடையே சிலாத்திகி என்னும் பெயர் பெற்ற பெரியோர் இருந்தனர். எந்தப் புல் எந்நாளில் மேயத்தக்கது, எம்மரத்தின் பட்டை எந்நோய்க்கு மருந்து, மழை எத்திசையில் இறங்கும், காட்டின் எப்பகுதியைத் தீண்டாது விடவேண்டும் என்பன அறிந்தவர் அவர். மந்தையின் மருத்துவரும் அவரே. பழஞ்சமயத்தின் பூசகரும் அவரே. இவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அம்மக்களிடம் இருந்ததில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அத்தகைய சிலாத்திகி ஒருவர், பாத்தே புல்லோ என்பவர், அல்ஹாஜ் உமர் தால் என்னும் மார்க்கத் தலைவரின் அழைப்பை ஏற்றார். தம் பங்கு மாடுகளை உடன்பிறந்தாரிடம் விட்டுவிட்டு, ஆயரின் கோலோடு அப்படையின் பின்னே கிழக்கு நோக்கி நடந்தார். இஸ்லாத்தைத் தழுவி ஐவேளைத் தொழுகையாளரான பின்னரும், அவர் கற்ற காட்டறிவு அவரை விட்டு அகலவில்லை. அவருடைய மகள் கதீஜாவின் வயிற்றில் 1900 அல்லது 1901ஆம் ஆண்டில், இன்று மாலி நாட்டிலுள்ள பாண்டியாகரா நகரில் பிறந்தவரே அமது ஹம்பாத்தே பா.

இவர் பிறப்பில் ஒரு முரண் உண்டு. தாய்வழிப் பாட்டனார் அல்ஹாஜ் உமரின் ஆதரவாளர். தந்தைவழியினரோ அவ்வுமரின் படையால் வீழ்த்தப்பட்ட மசினா அரசின் மக்கள். போரின் பின் அக்குடும்பத்து ஆண்கள் கொல்லப்பட்டபோது, சிறுவனாயிருந்த தந்தை ஹம்பாத்தே, கசாப்புக்காரர் ஒருவரிடம் வேலையாளாய் மறைந்து வாழ்ந்து உயிர்தப்பியவர். வென்றோர், தோற்றோர் ஆகிய இரு சாராரின் குருதியும் ஓருடலில் கலந்ததனாற்போலும், வாழ்நாள் முழுதும் இருபுறச் செய்தியையும் பொறுமையாய்க் கேட்கும் இயல்பு அவரிடம் படிந்திருந்தது.

தந்தை இளமையிலேயே மறைந்தார். தாயார் மறுமணம் செய்த தலைவரைப் பிரெஞ்சு ஆட்சியினர் நாடுகடத்தவே, சிறுவர் சில ஆண்டுகள் தெற்கே பூகூனி என்னும் ஊரில் பம்பாரா மக்களிடையே வளர்ந்தார். அவர்கள் அப்போது பெரும்பாலும் பழஞ்சமயத்தினர். முஸ்லிம் பிள்ளையாக ஓதியவாறே, அவ்வூர்ச் சிறுவர் சங்கத்திலும் அவர் சேர்க்கப்பட்டார். தான்ஃபோ சினே என்ற கதைவல்லார் அக்குழந்தைக்கு மரங்களின் கதைகளையும் விலங்குகளின் கதைகளையும் சொன்னார். பாண்டியாகரா திரும்பிய பின் குல்லெல் என்னும் மற்றொரு கதைவாணர் வாய்த்தார்; அவரை விட்டு நீங்காத சிறுவருக்குச் சின்னக் குல்லெல் என்று பொருள்படும் அம்குல்லெல் என்ற பெயரும் நிலைத்தது. 1912இல் பிரெஞ்சுப் பள்ளிக்கு அவரைக் கட்டாயத்தின் பேரிலேயே கொண்டு சென்றனர்.

இவற்றினும் மேலாக அவரை உருவாக்கியவர் தியெர்னோ போகார் என்னும் ஆசான். பாண்டியாகராவில் எளிய மண்வீட்டு முற்றத்தில் குர்ஆனும் திஜானிய்யா தரீக்காவின் நெறியும் ஓதிக்கொடுத்தவர் அவர். ஊசிநூல் கொண்டு ஆடைகளில் பூவேலை செய்தும் அவர் வாழ்ந்ததுண்டு. 1933இல் ஹம்பாத்தே பா நீண்ட விடுப்பெடுத்துக்கொண்டு வந்து அவர் அருகிலிருந்து கற்றார். அந்நாளில் நிகழ்ந்த ஒன்றை அவர் இறுதிவரை மறக்கவில்லை. ஆசான் இறையியல் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில், கூரையடியிலிருந்த தகைவிலான் கூட்டிலிருந்து குஞ்சொன்று நிலத்தில் விழுந்தது. குஞ்சு கத்திற்று. மாணவர் எவரும் அசையவில்லை, பாடத்தில் ஆழ்ந்திருந்தனர். ஆசான் பேச்சை நிறுத்தினார். குஞ்சைக் கையிலேந்திப் பார்த்தார். கூடு பழுதுபட்டிருப்பது கண்டு அதைச் செப்பனிட்டு, குஞ்சை மீண்டும் அதில் வைத்தார். பின்னரே அமர்ந்தார். அன்றைய பாடம் அதன்பின் இறையியலாய்த் தொடரவில்லை; இரக்கம் பற்றியதாயிற்று. ஏட்டுப்பாடம் அனைத்தையும் மனனம் செய்துவிட்டு, காலடியில் கத்தும் உயிரைக் காணாதவர் என்ன கற்றார் என்ற வருத்தமே அன்று அவர் உள்ளத்தில் மிஞ்சியதாம்.

அவ்வாசானின் முடிவு துயரமானது. 1937இல் ஷைகு ஹமாஹுல்லாஹ் அவர்களின் வழியை ஏற்று, ஒரு குறிப்பிட்ட ஓதலைப் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதினொரு முறை ஓதத் தொடங்கினார். வெளியே இருந்து பார்ப்போர்க்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டின் பொருட்டு உறவினரே அவரை ஒதுக்கினர், ஆட்சியினர் ஐயுற்றனர். உலகப் போர் தொடங்கிய காலத்தில் ஏறத்தாழத் தனியராகவே அவர் காலமானார். சீடரும் கண்காணிக்கப்பட்டார்.

சீடரின் பணிவாழ்க்கையை விரைந்து கடந்துவிடலாம். மேற்படிப்புக்குச் செல்லாமற் போன குற்றத்திற்குத் தண்டனையாக, நிலையற்ற எழுத்தர் பதவி தந்து, பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாகடூகுவுக்கு அவரை அனுப்பினர். ஆளுநர்களின் கோப்புகளை எழுதிய அதே கையால், வழியில் கண்ட முதியோர் சொன்னவற்றையெல்லாம் குறித்துவைத்தார். 1942இல் பாலைநில அறிவியலாளர் தியோதோர் மொனோ, தாம் நடத்திய தகார் ஆய்வு நிறுவனத்திற்கு இவரை வரவழைத்தது, ஆட்சியின் ஐயப்பார்வையிலிருந்து இவரைக் காத்த நற்செயலுமாயிற்று.

அந்நிறுவனத்துப் பணியின் முதற்பெருங்கனி 1955இல் வெளிவந்த மசினா அரசின் வரலாறு. உடன் எழுதியவர் ழாக் தாஜே, மீனினங்களை ஆராயும் அறிஞர்! ஆற்று மீன்களை எண்ணும் ஒருவரும் முதியோர் சொற்களைத் தொகுக்கும் ஒருவரும் சேர்ந்து ஓர் அரசின் வரலாற்றை எழுதியது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அவ்வரசின் வரலாறே ஆறும் புல்லும் பற்றிய வரலாறுதான். நைஜர் ஆறு மாலியின் நடுவே பல கிளைகளாய்ப் பிரிந்து பெருவெள்ளச் சமவெளியாய் விரிகின்றது. வெள்ளம் வடிந்த பின், சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கையில், அங்கே மட்டும் பூர்கு என்னும் நீர்ப்புல் பசுமையாய் நிற்கும். அதைத் தேடி எல்லாத் திசையிலிருந்தும் மந்தைகள் வரும். உழவரும் மீனவரும் அதே நிலத்தை நம்பியவர்கள். 1818இல் ஆட்சியை நிறுவிய ஷைகு அமது, மந்தைகள் செல்லும் வழிகளையும் ஆற்றைக் கடக்கும் முறையையும் வகுத்தார். எக்குடியின் மாடு முதலில் இறங்கவேண்டும் என்ற வரிசையும் முறைப்படுத்தப்பட்டது. ஊர்ப் பசுக்களுக்கென ஒதுக்கிய மேய்ச்சல் நிலத்திற்கு ஹரிமா என்று பெயர்; அரபுச் சொல்லின் சாயலை நம் மாணவர் எளிதில் உணர்வர். பழைய ஆயர் தலைவர்களின் மேய்ச்சல் உரிமைகளை அவ்விஸ்லாமிய அரசு முற்றிலும் அழித்துவிடவில்லை. தன் சட்டத்தினுள் அவற்றிற்கு இடமளித்தது. 1862இல் அவ்வரசு வீழ்ந்தது. வீழ்த்திய படையோடு வந்தவர்களுள் ஒருவர்தாம் பாத்தே புல்லோ. அப்பேரனே அதன் வரலாற்றை எழுதினார்.

அடுத்து வந்தது, பலர் புருவம் நெரித்த நூல். 1961இல் ஜெர்மேன் தியெத்தெர்லன் என்ற பிரெஞ்சு ஆய்வாளருடன் சேர்ந்து 'கூமென்' என்னும் நூலை வெளியிட்டார். சிலாத்திகி ஆவதற்குரிய தீட்சையின் கதை அது. செனகல் நாட்டு ஆயர் ஞானி அர்தோ தெம்போ என்பவரிடமிருந்து பெற்றது. முதல் சிலாத்திகியான சிலே சதியோ, கூமென் என்னும் தெய்வீக மேய்ப்பனால் பன்னிரு வெட்டவெளிகளின் ஊடே நடத்திச் செல்லப்பட்டு, ஒவ்வொன்றிலும் காட்டின் ஓர் அறிவைப் பெறுகின்றான். புலானியரின் நான்கு குலங்கள், மாட்டின் நான்கு நிறங்கள், நான்கு பூதங்கள், நான்கு திசைகள் யாவும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. மாடு என்பது உடைமைப் பொருளன்று. உலகின் ஒழுங்கில் தன் இடம் உடைய உயிர். அதை மேய்ப்பவன் அவ்வொழுங்கிற்குக் கணக்குச் சொல்லவேண்டியவன்.

ஏகத்துவம் பேணும் முஸ்லிம் ஒருவர் இத்தகைய கதைகளைத் தேடித் தொகுக்கலாமா என்ற வினா எழுவது இயல்பே. அதனை இலேசாய்த் தள்ளிவிடுதல் முறையன்று. ஹம்பாத்தே பா அப்பழஞ்சமயத்தைப் பின்பற்றவில்லை, பிறரைப் பின்பற்றச் சொல்லவுமில்லை; இறுதிவரை தரீக்கா வழி நின்ற முஸ்லிமாகவே வாழ்ந்தார். அவர் கண்டது வேறு. யுனெஸ்கோ வெளியிட்ட ஆப்பிரிக்கப் பொது வரலாற்றின் முதல் தொகுதியில் வாய்மொழி மரபு பற்றி அவர் எழுதிய கட்டுரை இதனை நன்கு காட்டும். படைத்தவன் தான் படைத்த எல்லாவற்றிலிருந்தும் சிறுகூறு எடுத்து மனிதனை ஆக்கி, உலகின் காவலனாக வைத்தான் என்பது பம்பாரா மக்களின் நம்பிக்கை. ஆகவே இரும்பு உருக்கும் கொல்லன் மண்ணையும் மரத்தையும் அறிந்தவனாயிருத்தல் வேண்டும், தொழிலே வழிபாடாயிருந்தது. மனிதனைப் பூமியில் கலீஃபாவாக ஆக்கிய மறையை ஓதுவோர்க்கு இக்கருத்து அயலானதாய்த் தோன்றாது. பொருந்துவதை ஏற்று, பொருந்தாததை விலக்கி, ஆனால் எதையும் அறியாமலே அழியவிடாமல் நின்றார் என்பதே இக்கட்டுரையாளன் கருத்து.

வேறொரு வினா இதனினும் கடினமானது. தகுதியுடையோர்க்கு மட்டும், நாட்டின் நடுவே நடந்தபடி, ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்ட அறிவைப் பாரிசில் அச்சிட்டுக் கடைக்கு அனுப்பலாமா? கறையான் புற்றொன்றைக் காணும்போது அதைச் சுட்டி ஆசான் பாடம் சொல்வார். புற்றில்லாத இடத்தில் அப்பாடம் இல்லை. இதை அவரே எழுதியிருக்கின்றார். ஆயினும் கேட்க இளைஞர் இல்லை. நகரங்களும் பள்ளிகளும் அவர்களை ஈர்த்துக்கொண்டன. 1960இல் மாலி விடுதலை பெற்ற ஆண்டில் யுனெஸ்கோ பேரவையில் எழுந்து, முதியோர் ஒவ்வொருவரின் மறைவையும் நூலகம் எரிவதோடு ஒப்பிட்டு அவர் பேசியது உலகெங்கும் பரவியது. பழமொழிபோல் பலர் அதைக் கையாள்கின்றனர். எவ்வகை நூலகம் என்பதை எண்ணுவோர் குறைவு. அதில் புல்லின் பெயர்கள் இருந்தன. நீர்க்குழிகளின் இருப்பிடங்களும் மரப்பட்டைகளின் பயனும் இருந்தன.

1962 முதல் 1970 வரை யுனெஸ்கோ செயற்குழுவில் அவர் பணியாற்றினார். ஏறக்குறைய அவ்வாண்டுகளிலேயே புல்வெளிநிலத்தில் மழை பொய்க்கத் தொடங்கிற்று. 1968 முதல் 1973 வரை நீடித்த வறட்சியில் இலட்சக்கணக்கான மாடுகள் மடிந்தன. மந்தை இழந்த ஆயர்கள் நகரங்களின் ஓரத்தில் குடிசை போட்டனர். 1980களில் வறட்சி மீண்டும் வந்தது. விடுதலைக்குப் பின் நிலமெல்லாம் அரசுடைமை ஆனதில், மேய்ச்சல் நிலத் தலைவர்களின் பழைய அதிகாரமும் தளர்ந்திருந்தது. தொகுத்துவைத்த சொற்களால் மழையை வருவிக்க இயலாது என்பதை அம்முதியவர் அறியாதவரல்லர்.

1970க்குப் பின் பொதுப்பதவிகளை விட்டு, ஐவரிக்கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில் தங்கி, அரைநூற்றாண்டுக் குறிப்பேடுகளைச் சீர்செய்வதில் ஈடுபட்டார். மழை மிகுந்த கடற்கரை நகரம் அது. ஆயர் நிலத்தின் சாயல் சிறிதும் இல்லாதது. தம் ஆசானின் வாழ்வையும் போதனையையும் விரிவாக்கி 1980இல் மீண்டும் வெளியிட்டார். 1991 மே 15ஆம் நாள் அங்கேயே காலமானார். பாத்தே புல்லோ தம் மந்தையை விட்டுப் புறப்பட்ட வரலாறு விரிவாய் இடம்பெற்ற அவருடைய தன்வரலாற்று நூலின் முதற்பகுதி, அதே ஆண்டில், அவர் மறைந்த பின்னர் வெளிவந்தது.