ரோல்லோ கில்லஸ்பி சரித்திரம்

அணைக்கட்டிலிருந்து வேலூருக்குச் சென்றுவரும் நம்மவருள் கோட்டையைக் காணாதார் இலர். அக்கோட்டையினாற் பெரும்புகழ் எய்திய கில்லஸ்பி துரையின் சரித்திரத்தை அறிந்தாரோ மிகச் சிலர்.

இவர் 1766-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்துக் காம்பர் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே சேனையிற் சேர்ந்து, மேற்கிந்தியத் தீவுகளிற் போர் புரிந்து, பின்னர் 19-வது குதிரைப் படையின் தலைவராய் ஆற்காட்டில் தங்கினார்.

அக்காலத்துச் சென்னைச் சேனாதிபதி கிரேடக் என்பார், சிப்பாய்கள் நெற்றிக்குறி இடலாகாது, தாடி வளர்க்கலாகாது, தோற்சின்னம் பதித்த புதிய தலைப்பாகையை அணிதல் வேண்டும் என்று விதித்தார். மறுத்தோர் கசையடி பட்டனர். 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். வெள்ளையர் நூற்றுவர்க்கு மேல் மாண்டனர். கோட்டையின்மீது திப்புவின் கொடி ஏறிற்று. செய்தி கேட்ட கில்லஸ்பி ஏறக்குறைய 16 மைல் குதிரையில் விரைந்து வந்து, பின்வரும் படைக்குக் காத்திராது, போர்வீரர்தம் கச்சைகளை முடிந்து விட்ட கயிற்றைப் பற்றி மதிலேறினார். இஃது அஞ்சா நெஞ்சின் செயலே; மறுப்பார் யார்? பீரங்கிகள் வந்து வாயிலைப் பிளந்தபின், அரண்மனையிற் பிடிபட்ட சிப்பாய்கள் சுமார் நூற்றுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டதும் அன்றே.

கலகத்தின் காரணம் யாதென்பதில் அப்பொழுதே வழக்கு மூண்டது. தலைப்பாகையே காரணமெனின் பழி ஆணையிட்டோரைச் சாரும். திப்புவின் மைந்தர் சூழ்ச்சியெனின் சாராது. கம்பெனியார் கவர்னர் பெண்டிங்கையும் கிரேடக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டனர். திப்புவின் குடும்பத்தாரையும் கல்கத்தாவுக்கு அனுப்பினர்.

கில்லஸ்பி 1811-இல் ஜாவாப் போரில் மேலும் கீர்த்தி பெற்று, 1814 அக்டோபர் 31-இல் டேராடூனை அடுத்த நாலாபானிக் கோட்டையைத் தாக்குகையிற் குண்டுபட்டு இறந்தார். எதிர்நின்றவர் கூர்க்கர் தலைவர் பலபத்திரர். அங்கே ஆங்கிலேயர் நாட்டிய தூண்கள் இரண்டு: ஒன்று கில்லஸ்பிக்கும் உடன் மாண்டோர்க்கும், மற்றொன்று பகைவராகிய பலபத்திரர்க்கும் அவர்தம் வீரர்க்கும். கூர்க்கர் 1815 முதல் ஆங்கிலச் சேனையில் எடுக்கப்பட்டனர் என்பதை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். வேலூரில் மாண்ட சிப்பாய்களோ கம்பெனியின் சோறுண்டு அதனையே எதிர்த்தவர் எனப்பட்டமையால், அவர்க்கு ஆங்கிலேயர் ஒரு கல்லும் நாட்டிலர்.

காம்பரில் 1845-இல் கில்லஸ்பிக்கு உயர்ந்த தூண் எழுந்தது; லண்டன் செயின்ட் பால் தேவாலயத்திற் சிலை உண்டு; நியூபோல்ட் என்னும் கவி வேலூர்ச் செயலைப் பாடினார். சுயராச்சியம் வந்தபின் கலகம் என்ற பெயர் மாறிப் புரட்சி என வழங்கலாயிற்று. கோட்டைக்கருகே சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் நாட்டப்பட்டது. இருநூறாம் ஆண்டாகிய 2006-இல் இந்திய அஞ்சல் துறையார் அவர்கள் நினைவாகத் தபால் தலையும் வெளியிட்டனர்.