சப்நெட்டிங் படிக்கும்போது சந்தித்த துன் சம்பந்தன்

சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிக்கத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. கணினி வலையமைப்புத் துறையில் நுழைய விரும்புகிறவர்கள் முதலில் எழுதும் சான்றிதழ்த் தேர்வுகளில் அதிகம் பேசப்படுவது இதுதான். சிஸ்கோ நிறுவனத்தின் தேர்வு. நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர், அதாவது நம் பணத்தில் ஆயிரம் வெள்ளிக்கு மேல். தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம் கட்டித்தான் எழுத வேண்டும். அதனால்தான் நான் இரண்டு முறை தேதி பார்த்துவிட்டுப் பதிவு செய்யாமல் கணினியை மூடிவைத்தேன்.

என்னைப் பயமுறுத்திய பாடம் சப்நெட்டிங். ஒரு வலையமைப்பைச் சிறு சிறு வலையமைப்புகளாகப் பிரிப்பதுதான் அது. 192.168.10.0/24 என்ற ஒரு வலையமைப்பில் 256 முகவரிகள் இருக்கும். அவற்றுள் முதலாவது அந்த வலையமைப்பின் பெயராகிவிடும். கடைசி முகவரி எல்லாருக்கும் சேர்த்துச் செய்தி அனுப்ப ஒதுக்கப்படும். கணினிகளுக்கு மிஞ்சுவது 254. இதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் 64 முகவரிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு போக 62. நான்கையும் கூட்டினால் 248. எட்டாகப் பிரித்தால் 240. அறுபத்து நான்கு துண்டாக்கினால் வெறும் 128. பிரிக்கப் பிரிக்க இடம் குறையும்.

விடுமுறையில் கெடாவுக்கு வந்தபோது, வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து இதைத்தான் தாளில் போட்டுக்கொண்டிருந்தேன். என்ன படிக்கிறாய் என்று பாட்டி கேட்டார். சப்நெட்டிங்கை எப்படித் தமிழில் சொல்வது? துண்டாடுவது என்றேன். பாட்டிக்கு முகம் மாறிவிட்டது. அவர் அந்தச் சொல்லைத் தொழில்நுட்பப் பாடத்தில் கேட்டவர் அல்லர். கூலிம் பக்கத்தில் அவர் பிறந்த தோட்டம் துண்டாடப்பட்டபோது அவருக்குப் பத்து வயது. லயத்தைக் காலி செய்து, சட்டி பானையோடு சித்தப்பா வீட்டுக்கு நடந்து போனது இன்னமும் அவருக்கு நினைவிருக்கிறது.

அன்று மாலை அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்துக் காட்டினார். அவருடைய அப்பா, அதாவது என் பூட்டன், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியதற்கான தாள் அதில் இருந்தது. அதைத் தொடங்கிய துன் வீ.தி.சம்பந்தனின் பெயரை எனக்குச் சாலைப் பெயராகவும் மோனோரயில் நிலையமாகவும் மட்டுமே தெரியும். அந்த உறைக்காகத்தான் அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது, என் தேர்வுப் பாடத்துக்குள்ளும் அவர் இருப்பது தெரிந்தது.

சம்பந்தன் 1919 ஜூன் 16-ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவருடைய தந்தை வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்தவர். உழைத்து ரப்பர் நிலங்களுக்குச் சொந்தக்காரர் ஆனவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தார். பிறகு கப்பலேறித் தமிழ்நாடு சென்று, சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. காங்கிரஸ் இயக்கத்தின் தாக்கம் அவருக்கு அங்கேதான் ஏற்பட்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படித்த எனக்கு, ஒரு மொழியில் படித்துவிட்டு இன்னொரு மொழியில் யோசிக்கும் அந்த வாழ்க்கை அந்நியமாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பியவர் 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி எழக் காரணமாக இருந்தார். மறுவருடம், 1955-இல், ம.இ.கா.வின் தலைவரானார், பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். அதுவரை கட்சி பெரும்பாலும் ஆங்கிலம் படித்த நகரத்தாரின் கையில் இருந்தது. தோட்டத்து மக்கள் தமிழில் பேசி உள்ளே வர முடிந்தது இவர் காலத்தில்தான். அதே 1955-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார்; சுதந்திரத்துக்குப் பின் சுகாதார அமைச்சர்; 1959-க்குப் பிறகு பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர்.

இந்தக் கடைசிப் பொறுப்பைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏறத்தாழ 1960-களின் பத்தாண்டு முழுவதும் இந்த நாட்டின் தொலைபேசிக் கம்பிகள் அவருடைய அமைச்சின்கீழ் இருந்தன. 1962-இல் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, இணைப்பகப் பணியாளர் உதவியில்லாமல் நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. இரண்டு நகரங்களையும் இணைத்தது நீண்டதூர நுண்ணலைத் தொடர்பு. அதற்கு முன் தொலைவிலுள்ள ஊரோடு பேச வேண்டுமானால் பணியாளரிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் ஒரு கம்பியைப் பிடுங்கி இன்னொரு துளையில் செருகினால்தான் பேச்சு.

இயந்திரமே வழி கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எண்ணுக்குள்ளேயே ஊரும் இருக்க வேண்டும். இப்போது நம் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பாருங்கள். கெடா, பினாங்கு, பெர்லிஸ் மூன்றுக்கும் 04. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் அழைக்கும்போது முன்னால் வரும் 0, இந்த அழைப்பு நம் வட்டாரத்துக்கு உரியதல்ல, வெளியே அனுப்பு என்று இணைப்பகத்துக்குச் சொல்கிறது. அடுத்து வரும் 4, வடக்கே அனுப்பச் சொல்கிறது. மீதி எண்களைப் பற்றிக் கோலாலம்பூர் கவலைப்பட வேண்டியதில்லை. அதை இங்கே உள்ள இணைப்பகம் பார்த்துக்கொள்ளும்.

ஐபி முகவரியும் ரூட்டரும் வேலை செய்வது ஏறக்குறைய இப்படித்தான். முகவரியின் முன்பகுதி வலையமைப்பு, பின்பகுதி கணினி. ரூட்டர் முன்பகுதியைப் பார்த்தே பொட்டலத்தை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். தன் வலையமைப்பைச் சேராத எதையும் கணினி டிஃபால்ட் கேட்வே என்ற ஒரு வாசலுக்கு அனுப்பும். தொலைபேசியில் அந்தப் பூச்சியம் செய்த வேலை அதுதான். மாதக்கணக்காக மனப்பாடம் செய்தும் நிற்காத விஷயம் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஒரே வேறுபாடு, அந்தக் காலத் தொலைபேசியில் பேசி முடிக்கும்வரை ஒரு பாதை முழுவதும் அந்த இருவருக்கே சொந்தம். இணையத்தில் செய்தி பொட்டலங்களாக உடைந்து, மற்றவர்களின் பொட்டலங்களோடு பாதையைப் பகிர்ந்துகொண்டு போகிறது.

1967-இல் சிங்கப்பூர், ஜெசல்டன் (இன்றைய கோத்தா கினபாலு), ஹாங்காங், குவாம், பாப்புவா நியூகினியின் மடாங், ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் ஆகிய இடங்களை இணைத்த கடலடித் தொலைபேசிக் கேபிள் முழுமையடைந்தது. 1970-இல் குவாந்தானில் நாட்டின் முதல் செயற்கைக்கோள் தரைநிலையம் செயல்படத் தொடங்கியது. அந்தச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. நாம் பேசியது மேலே போய்க் கீழே இறங்கவே கால் விநாடி. பதில் வர இன்னொரு கால் விநாடி. இன்று கண்டங்களுக்கு இடையிலான இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி கடலடிக் கேபிளில் போவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் சம்பந்தன் தன் கையால் செய்தார் என்று எழுதினால் அது பொய். பொறியாளர்களும் கம்பம் ஏறியவர்களும் செய்தார்கள். திட்டங்களில் சில அவருக்கு முன்பே தொடங்கியவை. ஆனால் அமைச்சர் என்ற முறையில் பணத்துக்கும் முடிவுகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அமெரிக்காவில் 1969 அக்டோபர் 29-ஆம் நாள் இரண்டு கணினிகள் அர்ப்பாநெட் வழியாக முதன்முதலாகப் பேசிக்கொண்டபோதும் (இரண்டே எழுத்து போனதும் இணைப்பு அறுந்துவிட்டது) இங்கே தொலைத்தொடர்பு அவர் பொறுப்பில்தான் இருந்தது. பாட்டியின் தோட்டத்தில் அப்போது தொலைபேசி இருந்த இடங்கள் இரண்டு: துரை பங்களா, கிராணி அலுவலகம்.

ஆனால் பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குச் சம்பந்தன் என்றால் பத்து வெள்ளி.

அந்தக் கதை இது. 1950-களில், நாடு சுதந்திரத்தை நெருங்கிய நேரத்தில், பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. மொத்தமாக வாங்கி, சில ஏக்கர்களாகப் பிரித்து, சில்லறையாக விற்றார்கள். அதற்குத்தான் துண்டாடல் என்று பெயர். சில ஏக்கர் வாங்கியவருக்கு லயமும் ஆயாக்கொட்டகையும் மருந்தகமும் வைத்து நடத்தத் தேவையில்லை. குடும்பத்தோடு தாமே பால் வெட்டிக்கொள்வார். மூன்று தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். பிள்ளைகள் பள்ளியை இழந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை தனியாக ஆராய்ந்தது என்பதிலிருந்தே அதன் அளவை ஊகிக்கலாம்.

சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. சம்பந்தன் இன்னொரு வழியைக் கண்டார். தோட்டம் விற்பனைக்கு வந்தால் தொழிலாளர்களே ஏன் வாங்கக் கூடாது? 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மொத்தமாகக் கட்ட எந்தப் பால்மரத் தொழிலாளியாலும் முடியாது. எனவே பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய், மக்கள் முன்னால் நின்று இதை விளக்கினார்.

பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னத் தொகையல்ல. அதை முகம் தெரியாத ஒரு சங்கத்திடம் கொடுப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! என் பூட்டன் முதலில் கொடுக்கவில்லையாம். தன் தோட்டம் கைவிட்டுப் போன பிறகுதான் கட்டினார். அவருடைய தோட்டத்தை அந்தப் பணம் காப்பாற்றவில்லை. அது ஏற்கெனவே துண்டு துண்டாகிவிட்டது. அடுத்தவர் தோட்டத்துக்காகக் கட்டியதாகவே பாட்டி சொல்கிறார்.

அப்படிச் சேர்ந்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவில்தான் இருக்கிறது: புக்கிட் சீடிம். கோலாலம்பூரில் வரலாறு நடக்கும், நாம் செய்தித்தாளில் படிப்போம் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிது. பிறகு இன்னும் பல தோட்டங்கள் சேர்ந்தன. அங்கே வேலை செய்தவர்களுக்குத் தோட்டம் துண்டாகும் என்ற பயம் இல்லாமல் போனது.

குறையே இல்லாத வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. துண்டாடப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கத்தால் காப்பாற்ற முடிந்தது சிறிய பங்கு. 1969 கலவரத்துக்குப் பின் வேலை அனுமதி விதி கடுமையானபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் பலர் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்கூட்டியே குடியுரிமை வாங்கித் தருவதில் தலைமை போதிய வேகம் காட்டியதா என்ற கேள்வி எனக்கு உண்டு. கட்சிக்குள் பூசல் ஓயவேயில்லை. 1972-இல் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சரானார். 1973-இல், நெருக்குதலுக்கு நடுவில், தலைவர் பதவியிலிருந்து விலகினார். மாணிக்கவாசகம் அடுத்து வந்தார். தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் பெரும்பகுதி கட்சிக்கும் பொதுக்காரியங்களுக்கும் கரைந்துபோயிருந்தது என்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் அவர் விடவில்லை. 1979 மே 18-ஆம் நாள் காலமானார். அறுபது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இப்போது என் தேர்வு விஷயம். கட்டணத்துக்கு அம்மா கூட்டு எடுத்தார். மாதாமாதம் நான் பகுதிநேர வேலையில் வரும் பணத்திலிருந்து நூறு வெள்ளி திருப்பிக் கொடுக்கிறேன். பதிவு செய்துவிட்டேன்; எனக்குத் தோதான தேதி கோலாலம்பூர் மையத்தில்தான் கிடைத்தது. சுங்கை பட்டாணியில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் அது கோலகங்சார், சுங்கை சிப்புட் வழியாகப் போய் கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிடும். வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன். பாட்டி இப்போது தினமும் காலையில் என்னை ஒரு கணக்குப் போடச் சொல்கிறார்: இன்றைக்கு எத்தனை துண்டு, எத்தனை பேருக்கு இடம் போச்சு என்று. நேற்று முப்பத்திரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் எட்டு, இரண்டு போக ஆறு, மொத்தம் 192. தாளைப் பார்க்காமலே சொன்னேன்.