பகல் சாப்பாட்டுக்குள் நிறம் மாறிய கார்!

மோட்டார் காரைப் பூட்டி முடிக்கச் சில மணி நேரம். அதற்கு வர்ணம் பூசி முடிக்க ஒரு மாதம்! 1920-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில் இதுதான் நிலைமை.

வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசுவார்கள். காய விடுவார்கள். தேய்த்து வழவழப்பாக்கி மறுபடி பூசுவார்கள். இப்படிப் பல பூச்சு. தூசி பறந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். ஈரக் காற்று அடித்தால் இன்னும் தாமதம். இத்தனை பாடுபட்டும் ஓரிரு வருஷத்தில் மெருகு மங்கிவிடும். காரை மறுபடி பட்டறையில் விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான்.

ஹென்றி போர்டு மட்டும் தப்பித்துக்கொண்டார். கறுப்பு வர்ணத்தைச் சூளையில் வைத்துச் சீக்கிரம் காய வைக்கலாம். ஆகவே 1914 முதல் 1925 வரை அவருடைய ‘டி’ மாடல் கார்கள் எல்லாமே கறுப்பு. வேறு கலர் கேட்பவர் வேறு கடைக்குப் போகலாம்!

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டப் புறப்பட்டவர் சார்லஸ் கெட்டரிங்.

கண் வலித்த மாணவர்

ஓஹியோ மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876-ல் பிறந்தவர் அவர். சிறு வயது முதலே கண் பார்வை மோசம். படித்தால் தலை வலிக்கும். சில காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பிறகு சர்வகலாசாலையில் சேர்ந்தார், கண் ஒத்துழைக்கவில்லை, படிப்பை விட்டுவிட்டு டெலிபோன் கம்பம் நடக் குழி தோண்டும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். ஆனாலும் ஆசை விடவில்லை. திரும்பப் போனார். உடன் தங்கிய நண்பர்கள் பாடத்தை உரக்கப் படிக்க, இவர் காதால் கேட்டே மனத்தில் ஏற்றிக்கொண்டு, 1904-ல் இஞ்சினீயர் பட்டம் பெற்றார்.

டேட்டன் நகரில் காசுப் பதிவு இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை. கையால் சுழற்றிய அந்த இயந்திரத்தை மின்சார மோட்டாரால் இயங்க வைத்தார். அங்கே கற்ற தந்திரம் ஒன்று பின்னால் கைகொடுத்தது. சில விநாடி மட்டும் வேலை செய்யும் மோட்டார் சிறியதாக இருந்தால் போதும். அதன் சக்திக்கு மீறிச் சுமை ஏற்றினாலும் அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் கை எலும்பு முறியும். கெட்டரிங் செய்த சுய ஸ்டார்ட்டர் 1912-ம் வருஷத்துக் காடிலாக் கார்களில் ஏறியது. கைப்பிடியின் காலம் முடிந்தது.

கடை ஜன்னலில் கண்ட தட்டு

1920-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவரானார். தினம் 1,000 கார்கள் செய்தால், ஒரு மாதத்தில் 30,000 பாடிகள் வர்ணம் காய்வதற்காகக் கூரையின் கீழ் கிடக்க வேண்டும். இடத்துக்கு எங்கே போவது? வர்ண நிபுணர்களைக் கூட்டி யோசனை கேட்டார். இரண்டொரு நாள் குறைக்கலாம் என்றார்கள் அவர்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தால் நல்லது என்றார் இவர். நிபுணர்கள் சிரித்தார்கள்.

பிறகு ஒரு நாள் நியூயார்க் கடைவீதியில் நடந்தபோது, கடை ஜன்னலில் பளபளக்கும் சின்ன மரத்தட்டு ஒன்றைக் கண்டார். அது என்ன பூச்சு என்று விசாரித்துக்கொண்டே போய், நியூஜெர்சியில் அதைத் தயாரித்தவரைப் பிடித்துவிட்டார்! அது ‘லாக்கர்’ என்ற பூச்சு. அதைக் காருக்கு அடிக்க முடியாது என்றார் தயாரித்தவர். அவ்வளவு வேகமாகக் காய்ந்துவிடுமாம். இத்தனை நாள் காயவில்லை என்று அழுதவருக்கு இப்போது இந்த வம்பு!

டூபான்ட் இரசாயனக் கம்பெனி விடை வைத்திருந்தது. பஞ்சை அமிலத்தில் பக்குவம் செய்தால் வெடிமருந்தும் செய்யலாம், சினிமா பிலிமும் செய்யலாம். லாக்கரும் அதிலிருந்து வருவதுதான். அந்தக் கரைசல் கெட்டியாக இருந்ததால் வர்ணப் பொடியை அதிகம் சேர்க்க முடியாமல் இருந்தது. அதைத் தண்ணீர்போல் இளக வைக்கும் வழி 1920-ல் அவர்கள் ஆராய்ச்சிச் சாலையில் தற்செயலாகத் தென்பட்டது. இரு கம்பெனிகளும் சேர்ந்து பாடுபட்டன. 1923-ல் ‘டூகோ’ பிறந்தது. மறு ஆண்டின் ஓக்லண்ட் கார்கள் நீல நிறத்தில் வெளிவந்தன. பிரஷ் போய், ஸ்ப்ரே வந்தது. வாரங்கள் மணிகளாயின. நம் நாட்டுப் பட்டறைகளிலும் டூகோ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது.

கெட்டரிங் தொட்டதெல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. இஞ்சின் தட்டாமல் ஓடப் பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறை 1921-ல் அவருடைய ஆராய்ச்சிச் சாலையில்தான் உருவாயிற்று. ஈயம் விஷம் என்பது அப்போதே தெரியும். 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் மாண்டும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. அந்தப் பெட்ரோல் இந்தியாவில் 2000-த்திலும், உலகம் முழுவதும் 2021-லும்தான் ஒழிந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கென 1945-ல் அமைந்த ஸ்லோன்-கெட்டரிங் நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1958-ல் தமது 82-ம் வயதில் அவர் காலமானார்.

சாப்பிட வந்தவர்

அவரை அறிந்தவர்கள் அலுக்காமல் சொன்ன கதை ஒன்று உண்டு. வர்ணத் தொழிலில் இருந்த ஒருவருக்கு டூகோவில் நம்பிக்கை இல்லை. கெட்டரிங் அவரைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார். பேச்சோடு பேச்சாக, காருக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று அட்டையைக் காட்டிக் கேட்டார். விருந்தாளி ஒன்றைக் காட்டினார். சாப்பாடு நீண்டது.

வெளியே வந்த விருந்தாளி அங்குமிங்கும் பார்த்தார். காரைக் காணோம்! நிறுத்திய இடத்தில் வேறொரு கார் நிற்கிறதே என்று பதறினார். அது உங்களுடையதுதானே என்றார் கெட்டரிங். சாயல் அப்படித்தான், ஆனால் என் கார் இந்த நிறமில்லை என்றார் அவர்.

சற்று முன் அட்டையில் விரல் வைத்துக் காட்டிய நிறம் அதுதான் என்று கெட்டரிங் ஞாபகப்படுத்தினார். விருந்தாளி காரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை.