கூப்பர் கணித்ததும் கணிக்கத் தவறியதும்

பணவியல் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், பீட்டர் கூப்பர் என்னும் பெயரை மாணவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கம். 1876-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் கிரீன்பேக் கட்சியின் வேட்பாளராகத் தமது 85-ஆவது வயதில் நின்று, ஏறத்தாழ ஒரு சதவீத வாக்குகளே பெற்றுத் தோற்றவர் என்பது அந்த வரி. பணி ஓய்வுக்குப் பின்னர் அவரது வாழ்க்கையை நிதானமாகப் படித்தபோதுதான், அந்த ஒரு வரி அவருக்கு நான் இழைத்த அநீதி என்பது புலப்பட்டது.

1791-இல் நியூயார்க்கில் பிறந்த கூப்பர், பள்ளியில் ஓராண்டு முழுமையாகப் பயின்றவரல்லர். வண்டி செய்பவரிடம் தொழில் பழகி, 1821-இல் ஒரு பசை ஆலையை வாங்கினார். கசாப்புக் கழிவுகளிலிருந்து தச்சர்களுக்கான வஜ்ஜிரமும் ஜெலட்டினும் செய்து விற்ற அந்த நாற்றம் மிகுந்த தொழில்தான், அவரது பிற்காலத் துணிச்சல்கள் அனைத்துக்கும் பணம் கொடுத்தது. ஜெலட்டின் இனிப்புக்கு 1845-இல் காப்புரிமை பெற்றும் அதை விற்கும் முயற்சியில் அவர் இறங்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து வேறொருவர் அதே வகைப் பண்டத்தை 'ஜெல்லோ' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டு வந்தார்.

தோல்விகள் அவருக்குப் புதியனவல்ல. கால்வாய்ப் படகுகளை முடிவில்லாச் சங்கிலியால் இழுத்துச் செல்ல அவர் வகுத்த திட்டம் நிலைபெறவில்லை. பால்டிமோரில் கூட்டாளிகளை நம்பி 3,000 ஏக்கர் நிலம் வாங்க, அவர்கள் தங்கள் பங்குப் பணத்தைத் தரவில்லை. அவ்வழியே செல்லவிருந்த ரயில் பாதையும் தோற்றால் நிலம் மதிப்பிழக்கும். அமெரிக்கப் பாதையின் கூர்மையான வளைவுகளில் நீராவி எந்திரம் ஓடாது என்ற ஐயம் நிலவிய காலம் அது. துப்பாக்கிக் குழல்களைக் கொதிகலன் குழாய்களாகப் பொருத்தி, 'டாம் தம்ப்' என்னும் சிறு எந்திரத்தைத் தாமே உருவாக்கி 1830-இல் ஓட்டிக் காட்டினார். குதிரையோடு நடந்ததாகச் சொல்லப்படும் பந்தயத்தில் அதன் வார்ப்பட்டை கழன்று தோற்றது. ஆயினும் நீராவியின் மீதிருந்த ஐயம் நீங்கியது. நிலமும் நல்ல விலை பெற்றது.

ஆனால் அவரது உண்மையான சோதனை கடலடித் தந்திக் கம்பிதான். 1854-இல் அண்டை வீட்டுக்காரரான சைரஸ் ஃபீல்டின் வேண்டுகோளை ஏற்று, 63 வயதில், நியூஃபவுண்ட்லாந்து வழியாக ஐரோப்பாவை இணைக்கப் புறப்பட்ட நிறுவனத்தின் தலைவரானார். மறு ஆண்டே நியூஃபவுண்ட்லாந்துக்கும் கேப் பிரெட்டனுக்கும் இடையே இட முயன்ற கம்பி, புயலில் வெட்டிவிடப்பட்டது. 1857-இல் பெருங்கடலின் நடுவே அறுந்தது. 1858 ஆகஸ்டில் விக்டோரியா அரசியின் வாழ்த்து வந்து சேர, நியூயார்க் கொண்டாடித் தீர்த்தது. மிகையான மின்னழுத்தம் செலுத்தியதால் சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. 1865-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் இட்ட கம்பியும் கடலுக்குள் போயிற்று. 1866-இல்தான் நிலையான இணைப்பு கிட்டியது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பலர் விலகினர். கூப்பரோ நிறுவனத்தின் கடன்களைத் தம் கைப்பணத்தால் தாங்கி நின்றார்.

இதே மனிதர் நகரப் பணியில் எப்படி நடந்துகொண்டார் என்பதே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. நகர்மன்ற உறுப்பினராகக் குரோட்டன் குடிநீர்த் திட்டத்தில் உழைத்தார். பொதுப் பள்ளிகளின் நிர்வாகத்தில் பல்லாண்டுகள் இருந்தார். 1860-களில் குடிமக்கள் சங்கத்தின் தலைவராக அவர் இருந்தபோது, அதன் சுகாதாரக் குழு மருத்துவர்களை வீதிவீதியாக அனுப்பி நகரின் நிலையை ஆராய்ந்தது. 1866-இல் பெருநகரச் சுகாதார வாரியம் அமைய அந்த அறிக்கையே வழி வகுத்தது. ஆலோசனைக் குழுக்களின் அறிக்கைகள் அலமாரியில் உறங்குவதையே கண்டு பழகிய எனக்கு இது வியப்பைத் தந்தது.

அந்தச் சங்கமே 1870-இல் தடுமாறியது. டாமனி ஹால் தலைவர் வில்லியம் ட்வீட், நகரின் கணக்குத் தணிக்கை அதிகாரத்தைத் தம் கூட்டத்தாரிடம் ஒப்படைக்கும் புதிய நகர சாசனத்தைக் கொண்டு வந்தார். கூப்பரின் சங்கம் அதை ஆதரித்தது. சங்கத்தைச் சார்ந்த சிலருக்கு நகராட்சியில் பதவிகளும் கிடைத்திருந்தன. மறு ஆண்டே ட்வீட் கூட்டத்தின் கொள்ளையை நாளேடுகள் அம்பலப்படுத்தின. கூப்பர் ஒரு காசும் பெற்றவரல்லர். ஃபீல்டை நம்பியது போலவே ட்வீடின் சாசனத்தையும் நம்பினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கம்பி அறுந்தபோது இழந்தவர்கள் துணிந்து முதலிட்டவர்கள். சாசனத்தால் இழந்தவர்களோ அவரது நற்பெயரை நம்பி வரி செலுத்திய நகரத்தார். இந்த வேறுபாட்டை அவர் போதுமான அளவு உணர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவரை மிகவும் மதிக்கும் நான் இதைக் குறையாகவே கருதுகிறேன்.

1876 தேர்தலுக்கு வருகிறேன். பொன்னுக்கு மாற்றித்தரும் உறுதியுடன் பணத்தைக் கட்டிப்போட்டால் கடனாளிகளும் தொழிலாளரும் நசுங்குவர் என்றார் அவர். அரசே காகிதப் பணத்தை வெளியிட்டு அளவோடு நிர்வகிக்க வேண்டும் என்பது அவரது வாதம். 1873-இன் நெருக்கடியால் வேலையிழந்தோர் நிறைந்திருந்த காலம் அது. வகுப்பில் நான் இதை ஒரு முதியவரின் விநோதமாகச் சொன்னதுண்டு. இன்று பொன்னோடு தன் நாணயத்தைப் பிணைத்து வைத்திருக்கும் பெரிய நாடு எதுவுமில்லை.

1883 ஏப்ரலில் அவர் மறைந்தார். அவர் நிறுவிய கூப்பர் யூனியன் இன்றும் உள்ளது. பகலில் உழைத்தவர்களுக்கு இரவில் கட்டணமின்றிப் பாடம், பெண்களுக்கு வடிவமைப்புக் கல்வி என 1859-இல் அது திறக்கப்பட்டது. பின்னாளைய அறங்காவலர்கள் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பி, 2014-இல் மாணவரிடம் கட்டணம் வசூலிக்கும் நிலைக்கு அதைக் கொண்டு சென்றதும், மீண்டும் இலவசமாக்க முயன்று வருவதும் தனிக் கதை. அந்தப் பழைய கட்டடத்தில், பயணிகள் மின்தூக்கி புழக்கத்துக்கு வருமுன்பே, அது ஒருநாள் வரும் என்று கணித்து அதற்கான கூண்டை கூப்பர் கட்டச் செய்தார். வட்டமே சிறந்த வடிவம் என்று எண்ணி அதை உருளையாக அமைத்தார். மின்தூக்கி வந்தது, சதுரப் பெட்டியாக. அந்த ஒரு கட்டடத்துக்கென வட்டப் பெட்டி தனியே செய்ய வேண்டியதாயிற்று.